அறுவை அரங்கில் ஒரு மாணவரின் நாட்கள்

மருத்துவக் கல்லூரி மாணவர் தம் நான்கரை ஆண்டுப் படிப்பின் பெரும்பகுதியைப் பிறர் வகுத்த கால அட்டவணைப்படியே கழிக்கிறார். எந்த வார்டு, எந்தப் பேராசிரியர், எத்தனை நாள் என்பதெல்லாம் முன்பே முடிவானவை. 2019-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் இதில் ஒரு சிறு சாளரத்தைத் திறந்தது. சில வாரங்கள் தமக்கு விருப்பமான துறையில் பயிலலாம் என்றது. 'எலெக்டிவ்' என மாணவர்கள் அழைக்கும் அந்த விருப்பப் பயிற்சிக்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சையைத் தேர்பவர் எதைக் கற்கிறார் என்பதைக் கேரளத்தின் தமிழக எல்லையோரத்தை முன்வைத்துப் பார்க்க விழைந்தோம்.

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். பாலக்காட்டில் 2014-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மாநிலப் பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறையின் முயற்சி அது. ஆயினும் சிக்கலான புற்றுநோய் அறுவைக்கு, 1981-இல் நிறுவப்பெற்ற திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், கோட்டயம், கோயம்புத்தூர் எனத் தொலைவிடங்களை நாடுவோர் இன்றும் பலர்.

பயிற்சிக்கு வரும் மாணவரின் கையில் கத்தி தரப்படுவதில்லை. காயத்தின் ஓரத்தை விலக்கிப் பிடிப்பதும், நோயாளியின் வரலாற்றை எழுதுவதும், பல துறை மருத்துவர்கள் கூடிச் சிகிச்சையை முடிவுசெய்யும் கூட்டத்தில் ஓரமாக அமர்ந்து கேட்பதுமே அவர் பணி. வாய்ப்புற்றுநோய் அறுவை ஒன்றை நின்று பார்ப்பவர் மறக்கமாட்டார். கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுற்றி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நலமான திசுவையும் சேர்த்து எடுக்கவேண்டும். நோய் கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தால் அவற்றையும் அகற்றவேண்டும். தாடையெலும்பு போயிருந்தால் காலின் எலும்பை எடுத்துப் புதுத் தாடை அமைப்பதுண்டு. காலையில் தொடங்கிய அறுவை மாலை வரை நீள்வது அரிதன்று.

இத்தனையும் ஏன் தேவைப்பட்டது என்பதற்கான விடை அரங்கில் இல்லை, புறநோயாளர் பிரிவில் கேட்கப்படும் எளிய கேள்வியில் உள்ளது: "இந்தப் புண் எப்போது வந்தது?" வெற்றிலையோடு புகையிலையும் மெல்லும் பழக்கமுள்ள தோட்டத் தொழிலாளிக்கு, கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெண்படலம் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றுக்காக ஒருநாள் கூலியை இழக்க எவர் முன்வருவார்? ஆறு மாதம் கழித்து வாய் திறக்க இயலாமற்போகும்போதுதான் பேருந்து ஏறுகிறார். தமிழறிந்த மாணவர் அவ்விடத்தில் இருப்பது பெரும் பேறு என்றே கருதுகிறோம். மலையாளத்தில் ஒற்றைச் சொல்லாகக் கிடைக்கும் பதில், தாய்மொழியில் கேட்டால் ஒரு முழு வரலாறாக விரியும்.

காத்திருப்பின் விலையைக் கேரளமே ஆராய்ந்து காட்டியிருக்கிறது. 1990-களின் நடுவில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் மருத்துவர் சங்கரநாராயணன் குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அவற்றுள் 7 ஊராட்சிகளில், பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லி, போதிய வெளிச்சத்தில் உற்றுநோக்கினர், அவ்வளவே. 2005-இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழங்குகிறது. உடன் செல்லும் உறவினரின் கூலியிழப்பை அது ஈடுசெய்யாது. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணைவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் இடுக்கி மாவட்டத்தில் இரயிலே இல்லை. மூணாறில் ஓடிய சிறு இரயில்பாதையையும் 1924-ஆம் ஆண்டின் வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. ஆகவே சேமிப்பைத் திட்டமிடும் குடும்பங்கள், மருத்துவக் காப்பீட்டுக்கு அப்பால், பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கிவைத்தல் நன்று.

30 வயது கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான முதற்கட்டச் சோதனை, தேசியத் திட்டத்தின்கீழ் அரசு நலவாழ்வு மையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், விழுங்குவதில் இடர், கழுத்தில் வலியற்ற கட்டி ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும், அடுத்த விடுமுறை வரை காத்திராமல் அருகிலுள்ள மையத்துக்குச் செல்லுங்கள்.