தாய்லாந்துக்குக் கைச்செலவு: காசா, கார்டா?

உறவினர் ஒருவர் குடும்பத்தோடு ஆறு நாள் தாய்லாந்து போகிறார். நாலு பேர். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் இங்கிருந்தே கட்டியாச்சு. கைச்செலவுக்குச் சீட்டு எடுத்த பணம், ஒரு லட்சத்துக்குள். "மொத்தத்தையும் தாய்லாந்து காசா மாத்திட்டுப் போயிடவா, இல்ல கார்டே போதுமா?" என்று கேட்டார். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்பதால் உட்கார்ந்து கணக்கே போட்டுப் பார்த்தேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும், எண்கள்தான் மாறும்.

முதலில் அளவுகோல். கூகுளில் தேடினால் ஒரு மாற்று விலை காட்டும் இல்லையா, அது வங்கிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற நடு விலை. அந்த விலை நமக்குக் கிடைக்காது. நடுவில் நிற்கிற ஒவ்வொருவரும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். சிலர் அதைக் கட்டணம் என்று எழுதிக் காட்டுவார்கள். சிலர் விலைக்குள்ளேயே ஒளித்து வைத்துவிட்டு, வாசலில் 'கமிஷன் கிடையாது' என்று போர்டு மாட்டுவார்கள். ஆகவே கட்டணத்தைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த 10,000 பாட் என் கைக்கு வர, கடைசியில் என்னிடமிருந்து எத்தனை ரூபாய் போனது?

கணக்குக்காக நடு விலையில் ஒரு பாட் 2.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 10,000 பாட் 25,000 ரூபாய். இதற்கு மேல் போவதெல்லாம் இழப்பு. கீழே வரும் விலைகளும் உதாரணத்துக்குத்தான். கிளம்பும் வாரத்தில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளூர் மணி சேஞ்சரிடம் நேராகத் தாய்லாந்து நோட்டு வாங்கினால், ஒரு பாட் 2.62 ரூபாய் சொல்கிறார் என்று வையுங்கள். 26,200 ஆச்சு. இதன் மேல் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும்போது தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து அதற்கு 18 சதவீதம் போடுவார்கள். குறைந்தது 45 ரூபாய். இங்கே 47 ரூபாய். மொத்த இழப்பு சுமார் 1,250. விமான நிலையக் கவுன்ட்டரில் இதே நோட்டுக்கு விலை இன்னும் ஏறும். அங்கே நிற்கிறவருக்கு வேறு கடை கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வழி, இங்கே டாலர் வாங்கி அங்கே மாற்றுவது. இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை நஷ்டம்தானே என்று தோன்றும். ஆனால் டாலர் எல்லா இடத்திலும் ஓடுகிற சரக்கு என்பதால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி குறைவு. இங்கே 1 சதவீதம், அங்கே 1 சதவீதம் போனாலும் இழப்பு ஜிஎஸ்டியோடு சேர்த்து 550 ரூபாய்தான். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பாங்காக் கடைகளில் 100 டாலர் நோட்டுக்கு ஒரு விலை, 20, 10 டாலர் நோட்டுகளுக்கு அதைவிடக் குறைந்த விலை. கிழிந்தது, கிறுக்கியது என்றால் வாங்கவே மாட்டார்கள். ஆகவே புது 100 டாலர் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டி எடுத்து வெளியே வந்ததும் கண்ணில் படும் கவுன்ட்டரில் மாற்றாமல், அடித்தளத்தில் நகர ரயில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைகளில் விசாரியுங்கள். அங்கே நகர விலைக்கு நெருக்கமாகக் கிடைக்கும்.

கார்டுக்கு வருவோம். வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடும் மார்க்கப் பல கார்டுகளில் 3.5 சதவீதம். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13 சதவீதம். 25,000 ரூபாய்க்கு 1,032 ரூபாய் இழப்பு. மார்க்கப் இல்லாத கார்டுகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் இழப்பு ஏறக்குறைய இல்லை. ஆக, கார்டு மலிவா காசு மலிவா என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. உங்கள் பையில் இருக்கும் அந்தக் கார்டின் மார்க்கப் எவ்வளவு என்று தெரிந்தால்தான் பதில்.

ஃபாரெக்ஸ் கார்டு பலருக்குப் பாதுகாப்பான நடுவழியாகத் தெரிகிறது. எந்த நாட்டுப் பணத்தை ஏற்றினீர்களோ அதே பணத்தில் செலவு செய்யும்வரை அது உண்மை. டாலர் ஏற்றிய கார்டைத் தாய்லாந்தில் தேய்த்தால், ஏற்றும்போது ஒரு முறை, டாலரிலிருந்து உள்ளூர்ப் பணத்துக்கு மாறும்போது இன்னொரு முறை என்று இரண்டு இடத்தில் வெட்டு விழும். சாதாரண கிரெடிட் கார்டைவிட இது மோசமாகவும் போகலாம்.

அதிகம் கடிப்பது ஏடிஎம். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவுக்கோ அதற்கு மேலோ கட்டணம் எடுக்கும். எவ்வளவு எடுத்தாலும் அதே தொகை. 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம். 20,000 எடுத்தால் 1.1 சதவீதம். 'கையில் நிறைய வேண்டாம், தினமும் கொஞ்சம் எடுத்துக்கலாம்' என்று ஐந்து முறை 2,000 எடுப்பவர் கட்டணத்துக்கு மட்டும் 2,750 ரூபாய் கொடுக்கிறார். மார்க்கப்பும் நம்ம வங்கியின் கட்டணமும் இதற்கு மேல். கிரெடிட் கார்டில் காசு எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

எந்தக் கார்டானாலும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்வைப் மெஷின் 'ரூபாயில் கட்டவா, பாட் கணக்கில் கட்டவா' என்று கேட்கும். நம்ம ஊர்ப் பணம், தொகை உடனே தெரிகிறது என்று ரூபாயை அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். அப்போது மாற்று விலையைத் தீர்மானிப்பது கடைக்காரரின் வங்கியும் மெஷின் நிறுவனமும். அந்த விலையில் 5 சதவீதத்துக்கு மேல் இழப்பது சாதாரணம். இதோடு விடாமல், ரூபாயில் கட்டியிருந்தாலும் கடை வெளிநாட்டில் இருக்கிறதே என்று சொல்லிப் பல இந்திய வங்கிகள் தனியாக ஒரு கட்டணம் போடும். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். 'டிக்ளைன் கன்வர்ஷன்' என்ற பொத்தானைப் பார்த்தால் பணம் எடுப்பதையே ரத்து செய்வதுபோல இருக்கும். பயப்பட வேண்டாம், அதை அழுத்தினாலும் பணம் வரும்.

இனி, விலையைத் தாண்டிய விஷயம்: தொலைந்தால் யாருக்கு நஷ்டம்? காசு போனால் போனதுதான். இந்த ஒரு பயத்துக்காகத்தான் 1891-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் டிராவலர்ஸ் செக்கைக் கொண்டுவந்தது. தொலைந்தால் வேறு கொடுப்பார்கள். இன்று அந்த வேலையைக் கார்டு செய்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, கார்டு தொலைந்ததை வங்கிக்குச் சொன்ன பிறகு நடக்கும் திருட்டு நஷ்டம் வங்கியுடையது. சொல்வதற்கு முன் நடப்பதில்தான் வழக்கு. ஆகவே வங்கியின் எண்ணைக் கார்டின் பின்னால் மட்டும் வைத்திருக்காமல் தனியாக எழுதி வையுங்கள். கார்டு போனால் அந்த எண்ணும் கூடவே போய்விடும்.

கிரெடிட் கார்டுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. ஹோட்டலில் முன்பணமாக ஒரு தொகையை முடக்குவார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் முடங்குவது உங்கள் சொந்தக் காசு. திரும்பி வர நாளாகலாம். குழந்தைக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்கிறார்கள் என்றால், இன்ஷூரன்ஸ் பேசி முடிக்கும்வரை கைகொடுப்பதும் கிரெடிட் லிமிட்தான். கைச்செலவுக்குக் கொண்டுபோன காசு அதற்குப் பத்தாது.

அதற்காகக் காசே இல்லாமல் போக முடியாது. தள்ளுவண்டிச் சாப்பாடு, டுக்டுக், படகு, இரவுச் சந்தை எல்லாம் காசுதான். சின்னக் கடைகளில் கார்டு என்றால் 3 சதவீதம் கூடுதல் கேட்பார்கள். கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அந்த ஊர் வங்கிக் கணக்குக்கானது. நம்ம யுபிஐ வேலை செய்யும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். இலங்கையில் 2024 பிப்ரவரியில் யுபிஐ தொடங்கியது, ஆனால் அது அந்த நாட்டுக் கதை. நாடு மாறினால் வழக்கம் மாறும். ஸ்வீடனில் காசை நீட்டினால் வாங்காத கடைகளும் உண்டு. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இன்றும் காசு வேண்டும்.

ஆகவே உறவினருக்கு நான் சொன்னது இது. நாளைக்கு 2,500 பாட் காசுச் செலவு என்று ஆறு நாளுக்கு 15,000. அதற்குண்டான டாலரை 100 டாலர் நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கியதும் டாக்ஸிக்கு வேண்டுமென்று 1,000 பாட் மட்டும் இங்கேயே மாற்றுங்கள். மால், பெரிய உணவகம், நுழைவுச் சீட்டு எல்லாம் மார்க்கப் குறைந்த கார்டில். இரண்டாவது கார்டு வேறு வங்கியுடையதாக, வேறு பையில் இருக்கட்டும். ஒன்றாவது விசாவோ மாஸ்டர்கார்டோ ஆக வேண்டும். ஏடிஎம் அவசரத்துக்கு மட்டும். எடுத்தால் ஒரே முறை பெரிதாக.

கிளம்பும் முன் நாலு விஷயம். 2020-லிருந்து புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தேதான் வருகிறது. வங்கிச் செயலியில் நாமே திறக்க வேண்டும். வரம்பையும் அங்கேயே குறைத்து வையுங்கள். ஓடிபி வர அந்த சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும். டாலருக்கு ரூபாயைக் கையில் கொடுப்பதென்றால் 50,000-க்குள்தான். அதற்கு மேல் வங்கி வழியாக. ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரை எடுத்துப் போகலாம், இவர் தேவைக்கு அது தாராளம்.

மிஞ்சியதை என்ன செய்வது என்றும் கேட்டார். 2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் இருந்தால் திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். நாணயங்களை எந்தக் கடையும் வாங்காது. கடைசி நாள் அவற்றையெல்லாம் எண்ணிக் கொடுத்துக் குழந்தைகளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.