பம்பில் எடுத்த பால் எத்தனை மாதம் வரும்?

குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்லி வருகிறது. அந்தப் பாலைக் குழந்தை நேரடியாகக் குடித்ததா, பம்பில் எடுத்துப் பாலாடையில் புகட்டினார்களா என்று அந்த வரையறை பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும். ஆனால், தாயின் உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல.

அமெரிக்காவில் 2005 முதல் 2007 வரை நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஒன்றரை மாதம் முதல் நாலரை மாதம் வரையிலான குழந்தைகளுக்குப் பாலூட்டிய தாய்மார்களில் 85 சதவீதம் பேர் ஒருமுறையாவது பால் எடுத்து வைத்திருந்தது தெரியவந்தது. அங்கே நாடு முழுவதற்குமான 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வார விடுப்பு மட்டுமே. அதுவும் எல்லோருக்கும் கிடையாது. அப்படி வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்குப் பம்ப் இல்லையென்றால் பவுடர் பால்தான் கதி.

அப்படியானால் பம்ப் பாலூட்டும் காலத்தை நீட்டுகிறதா? ஹாங்காங்கில் 2006-07லும் 2011-12லும் பிள்ளை பெற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அப்போது அங்கே பேறுகால விடுப்பு 10 வாரம். எடுத்த பாலை மட்டுமே கொடுக்கும் தாய்மார்கள் முதல் காலகட்டத்தைவிட இரண்டாவதில் அதிகமாகியிருந்தார்கள். ஆனால், நேரடியாகப் பாலூட்டியவர்களைவிட அவர்கள் சீக்கிரமாகவே தாய்ப்பாலை நிறுத்தியிருந்தார்கள்.

காரணம் உடம்பில் இருக்கிறது. பால் காலியாகக் காலியாகத்தான் சுரக்கும். மார்பில் தேங்கினால் சுரப்பு குறையும். குழந்தை சப்பும்போது, சில சமயம் அதன் அழுகுரல் கேட்டாலே, ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்குகிறது. பதற்றமும் வலியும் அதைத் தடுக்கும். தாழ்ப்பாள் சரியில்லாத அறையில், யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தோடு உட்கார்ந்தால் பால் எப்படி இறங்கும்? வேலையும் இரட்டிப்பு: எடுக்க ஒரு நேரம், புகட்ட ஒரு நேரம், பிறகு எல்லாவற்றையும் கழுவிக் காயவைக்க வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு இதை நாளுக்கு எட்டு முறையாவது செய்தாக வேண்டும்.

அதற்காகப் பம்பின் மேல் பழிபோடுவது நியாயமில்லை. குழந்தை காம்பைச் சரியாகப் பற்றாததால், அல்லது குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருப்பதால், வேறு வழியின்றிப் பம்பை எடுத்தவர்களும் இந்தத் தாய்மார்களில் உண்டு. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் நிலைமை மாறும். ஸ்டான்ஃபோர்டில் மருத்துவர் ஜேன் மார்ட்டனின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்கள், பம்ப் ஓடும்போதே கையாலும் மார்பை அழுத்தி விடப் பழகியபின், ஒரு நாளில் கிடைத்த பால் சராசரியாக 48 சதவீதம் கூடியது. இதற்குச் செலவு என்று எதுவுமில்லை. ஒவ்வொரு பிரசவ வார்டிலும் கற்றுத்தர வேண்டிய பாடம் இது.

அமெரிக்கா 2010இல் போட்ட சட்டம், பால் எடுக்க வேலையிடத்தில் நேரமும் கழிப்பறை அல்லாத தனியிடமும் தரச் சொன்னது; பம்பின் செலவைக் காப்பீட்டில் சேர்த்தது. இந்தியாவின் 2017 சட்டத் திருத்தம் தாயையும் குழந்தையையும் சேர்த்து வைக்கவே பார்க்கிறது: முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், அங்கே தாய் நாளுக்கு நான்கு முறை போய் வரலாம். இந்த வழிதான் உடம்புக்கு ஒத்தது.

ஆனால் 26 வாரத்தில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தவருக்கு மிஞ்சுவது 18 வாரம். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்ததும் வேலைக்குப் போயாக வேண்டும். காப்பகம் இல்லாத சிறிய கடையில் வேலை பார்ப்பவருக்கு மீதி இரண்டு மாதத்தைத் தாண்டப் பம்ப் வேண்டும். பூட்டிக்கொள்ள ஓர் அறையும் ஃபிரிட்ஜில் கொஞ்சம் இடமும் வேண்டும். எடுத்த பால் 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம்தான் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கு நாள் வரை கெடாது.