மூலையில் கிடந்த தையல் யந்திரம்

நேயர்களில் பலருடைய வீட்டில் ஒரு தையல் யந்திரம் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் வரச் சற்றுத் தாமதமாகும். நமது இல்லத்தில் அதன்மேல் ஒரு பழைய வேஷ்டியைப் போர்த்தி, தொலைக்காட்சிப் பெட்டியை ஏற்றி வைத்திருந்தோம். நம் தாயார் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த கால்மிஷின் அது. 2020-ஆம் வருஷம் கொரோனாக் காலத்தில் கடைகளில் முகக்கவசம் அகப்படாமற் போயிற்று. அப்போதுதான் பெட்டியை இறக்கி, வேஷ்டியை விலக்கினோம். அந்த வேஷ்டியையே வெட்டி முகக்கவசமும் தைத்தோம்.

அவ்வருஷம் எத்தனையோ வீடுகளில் இது நடந்தது. அவசரம் தீர்ந்த பிறகும் யந்திரம் பல வீடுகளில் மூலைக்குத் திரும்பவில்லை என்பதுதான் வியப்பு. தையலே அறியாத இளம்பெண்கள் யூடியூப்பைப் பார்த்து ரவிக்கை வெட்டுகிறார்கள். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ரவிக்கைத் துணியின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிட்டது. தீபாவளி சமயத்தில் தையற்கடையில் கிடைக்கும் 'நாளைக்கு' என்ற பதிலை அறியாதார் யார்? ஆயத்த உடையோ எல்லோருக்கும் பொதுவான ஓர் உடம்புக்குத் தைக்கப்பட்டது. அந்த உடம்பு யாருடையது என்பதை இதுவரை நாம் கண்டுபிடித்ததில்லை.

இந்த யந்திரம் உலகத்துக்கு வந்தபோது எல்லோரும் வரவேற்றுவிடவில்லை. பிரான்ஸ் தேசத்தில் திமோனியே என்பவர் அமைத்த யந்திரங்களை, பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் 1831-இல் அடித்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இலும், ஐஸக் ஸிங்கர் 1851-இலும் தத்தம் யந்திரங்களுக்கு உரிமை பெற்றனர். யந்திரங்களின்மேல் மோகங்கொண்டு அலைவதைக் கண்டித்த மகாத்மா காந்திகூட ஸிங்கருடைய யந்திரத்துக்கு விலக்கு அளித்தார். 1924-இல் தம்மிடம் கேள்வி கேட்ட ராமச்சந்திரன் என்ற இளைஞரிடம், மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணச் சகியாமல் ஸிங்கர் இதை அமைத்தார் என்று சொன்னார். ஸிங்கர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் நடத்தியவர் என்பதை அறிந்தவர்கள் இங்கே புன்னகை புரியலாம். காந்தியடிகள் காட்டிய நியாயத்துக்கு அதனால் குறைவில்லை. அந்த இளைஞர்தாம் பின்னர் 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

நம் நாட்டில் இந்த யந்திரம் வெறும் பொழுதுபோக்கு அன்று. கல்கத்தாவில் 1930-களில் தோன்றிய 'உஷா' அதைச் சுதேசிப் பொருளாக்கியது. தமிழ்நாட்டில் அரசினர் ஏழைப் பெண்களுக்குத் தையல் யந்திரம் வழங்குகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரும் சீருடையை மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன.

இனி நம் சொந்த விஷயத்துக்கு வருவோம். நாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள். பரீட்சை நெருங்கினால் தையல் வகுப்பை இரவல் வாங்கிக்கொள்வது நம் வழக்கம். இரவல் என்றது மரியாதைக்காகத்தான், திருப்பிக் கொடுத்ததில்லை. தையலாசிரியையும் ஒருநாளும் மறுத்ததில்லை.

முகக்கவசம் தந்த துணிச்சலில், நமது மகளுக்குக் குடைப்பாவாடை தைக்க முற்பட்டோம். விரித்தால் முழு வட்டம். நடுவில் இடுப்புக்கு ஒரு சிறு வட்டம். குழந்தையின் இடுப்பு 22 அங்குலம். வட்டத்தின் சுற்றளவு தெரிந்தால் ஆரம் எவ்வளவு என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும்: மூன்றரை அங்குலம். இவ்வளவு அழகாக விடை வரும் இடுப்பு எல்லோருக்கும் வாய்க்காது என்று மகிழ்ந்து, துணியை நாலாக மடித்து, மடிப்பின் மூலையிலிருந்து மூன்றரை அங்குலம் அளந்து வளைத்து வெட்டினோம்.

இடுப்புப் பட்டியை இணைக்கும்போது பட்டி முடிந்துவிட்டது, பாவாடை முடியவில்லை. 3 அங்குலத் துணி மிஞ்சி நின்றது. கணக்கை மூன்றுமுறை சரிபார்த்தோம். பிழையில்லை.

நம் தாயார் எட்டாவது வரையில் படித்தவர். பாவாடையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, ஊசி போகிற இடம் அல்லவா இடுப்பு? கத்தரி போகிற இடமா?" என்றார். தையலுக்கு ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளிப் போகவேண்டும். அப்போது ஆரம் நாலு அங்குலம்; சுற்றளவோ 25 அங்குலத்தைத் தாண்டிவிடும். மூன்று அங்குலத்தில் வெட்டியிருக்க வேண்டும். மிஞ்சிய துணியை ஊசிமுனையால் சிறுசிறு சுருக்கங்களாகப் பரப்பி, அரைமணி நேரத்தில் தாயார் பட்டியைப் பொருத்திவிட்டார். அவர் காலின் ஓசை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

சென்ற பரீட்சைக்கு முன்னால் தையல் வகுப்பை நாம் கேட்கவில்லை. வட்டத்தின் சுற்றளவுப் பாடத்துக்காக நம் வகுப்பு ஒன்றைத் தையலாசிரியையிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் அமர்ந்தோம். அவர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் பழைய செய்தித்தாளில் பாவாடை வெட்டினார்கள். பெரும்பாலோர் மூன்றரை அங்குலத்திலேயே வெட்டினார்கள். நாமாக இருந்தால் அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் போட்டிருப்போம். தையலாசிரியை போடவில்லை.