நினைவகத்தில் அடங்காத ஏடு

கணிப்பொறிக்கு மறதி உண்டா என்று மாணவர்கள் வினவுவதுண்டு. மறதியினும் பெரியதோர் இடர் அதற்கு உண்டு. அனைத்தையும் ஒருங்கே நினைவிற் கொள்ள முயன்று மூர்ச்சித்துப் போதலே அது. அதனைத் தாம்பரத்தில் நான் கண்கூடாகக் கண்டேன்.

தாம்பரத்தில் 1984இல் தோன்றிய ஏற்றுமதி மண்டலத்தில், ஒரு மென்பொருள் நிலையத்தில் அப்போது பணியாற்றினேன். ஓர் இணையதளம் எத்துணைப் பேரைத் தாங்கும் என்பதை இரவு முழுதும் சோதித்தோம். அதற்கு ஜேமீட்டர் என்னும் கருவி உண்டு. அது பலர் ஒரே வேளையில் கேட்பதுபோல் வேண்டுகோள்களை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் மறுமொழி வர எத்தனை மில்லிசெகண்டு ஆயிற்று என்பதை ஒவ்வொரு வரியாக எழுதிவைக்கும். நொடிக்கு 100 வேண்டுகோள் வீதம் எட்டு மணி நேரத்தில் 28,80,000 வரிகள்! வரிக்கு 150 பைட் எனக் கொண்டால் 432 மெகாபைட். காலையில் அக்கோப்பைக் கருவியின் திரையில் திறந்தோம். சற்றே திணறி, நினைவகம் போதவில்லை என்று அறிவித்து நின்றுவிட்டது. நண்பகலுக்குள் முடிவு கூறியாக வேண்டும்.

அக்கருவியின் அண்மைப் பதிப்புகளுக்கு இயல்பாக ஒதுக்கப்படும் நினைவகம் 1 கிகாபைட். பின் ஏன் கொள்ளவில்லை? நெல் மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு மணியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினால் களஞ்சியம் போதுமா? ஜாவா மொழியில் அமைந்த அக்கருவி, வரியின் கூறுகளைத் தனித்தனிப் பொருள்களாக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் தலைப்புக் குறிப்பும் சுட்டும் வேண்டும். நாங்கள் எல்லையை இரட்டித்தோம், அதுவும் பயன்படவில்லை. பயன்பட்டிருப்பினும், அடுத்த சோதனை இதனினும் நீண்டதாயின் என் செய்வது?

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்தொடர் வண்டி ஓடுகிறது. பயணிகளை எண்ண, அவர்களையெல்லாம் நிலைய அதிகாரியின் அறையில் அடைத்துவைக்க வேண்டுமோ? வாயிலில் நின்று எண்ணினால் போதும். அவ்வாறே ஒரு வரியைப் படித்து, எண்ணிக்கையில் ஒன்றும் கூட்டுத்தொகையில் அதன் நேரமும் சேர்த்து, வரியை விட்டுவிடலாம், சராசரி கிடைத்துவிடும்.

ஆனால், சராசரி பல குறைகளை மறைக்கும். நூற்றில் 95 பேருக்கு எத்துணை நேரத்துக்குள் மறுமொழி கிட்டியது? இதற்கு வரிசைப்படுத்தல் வேண்டும் என்றே முதலில் மயங்கினோம். வேண்டுவதில்லை. ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் ஓர் எண்ணுபெட்டி வைத்தால், பத்து நொடிவரை ஏறத்தாழப் பத்தாயிரம் பெட்டிகளே. அதற்கு மேற்பட்டவற்றுக்கு இறுதியாக ஒன்று. சிறிய நேரத்திலிருந்து கூட்டிச் சென்று, 27,36,000 நிறையும் பெட்டியே விடை.

கோப்பு வட்டிலேயே கிடக்கட்டும். வேறு வினா எழின் மீண்டும் படிக்கலாம். நாங்கள் அவ்வாறே நிமிடத்துக்கு ஒன்றாக 480 வரிசைகள் கணக்கிட்டோம். பின்னிரவு இரண்டு மணிக்குமேல் மறுமொழி படிப்படியாகத் தாமதித்திருந்தது அப்போதுதான் புலனாயிற்று.