பார்க்க சாது... ரத்தத்தில் பகீர்!

ஒரு துப்பறியும் கதை சொல்லட்டுமா? கொலைகாரன் பக்கத்துலயே அசை போட்டுக்கிட்டு நின்னான். ஆனா, அவன்தான்னு நிரூபிக்க முடியலை!

இடம், அமெரிக்கா. 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்ததும், டெக்சாஸில் இருந்து நீளக் கொம்பு மாடுகளை மந்தை மந்தையாக வடக்கே கான்சாஸ் பக்கம் ஓட்டிப்போனார்கள். எல்லாம் கிண்ணென்று இருந்த மாடுகள். ஆனால், அவை மேய்ந்துவிட்டுப் போன இடங்களில் சில வாரம் கழித்து உள்ளூர் மாடுகளுக்குக் காய்ச்சல், ரத்தச் சிவப்பில் மூத்திரம், அப்புறம் சாவு! கடுப்பான விவசாயிகள் துப்பாக்கியோடு வந்து வழிமறித்தார்கள்.

உண்ணிதான் காரணம் என்று சில மாட்டுக்காரர்கள் சொன்னதைப் படித்தவர்கள் நம்பவில்லை. (நாம என்னிக்கு நம்பியிருக்கோம்?) தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மட்டும் 1889-ல் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஒரு வயலில் உண்ணியோடு தெற்கத்தி மாடுகள். இன்னொன்றில், உண்ணிகளைப் பொறுக்கி எடுத்த தெற்கத்தி மாடுகள். மூன்றாவதில் வெறும் உண்ணிகள். மூன்றிலும் வடக்கத்தி மாடுகளை விட்டார்கள். உண்ணி இருந்த வயல்களில் மட்டும் காய்ச்சல்! எங்க இன்ஜினீயரிங் லேபில்கூட இவ்வளவு க்ளீனான எக்ஸ்பெரிமென்ட் பார்த்ததில்லை பாஸ்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிவப்பணுவுக்குள் ஜோடி ஜோடியாகப் பேரிக்காய் வடிவக் கிருமி. இன்றைய பெயர் பபேசியா. ஆனால், இந்த உண்ணி ஒரே மாட்டில் ஒட்டிக்கிடக்கிற ரகமாச்சே, அடுத்த மாட்டுக்கு எப்படிப் பரவும்? தாய் உண்ணி ரத்தம் குடித்துக் கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். கிருமி முட்டை வழியாகவே குஞ்சுகளுக்குப் போய்விடும். குஞ்சுகள் புல்லில் ஏறி அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கும். அந்த 'சில வாரம்' கணக்கு இப்பப் புரியுதா? 1893-ல் ரிசல்ட் வெளியானது. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவைப் பிடித்தது அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான்!

சரி, டெக்சாஸ் மாடு ஏன் சாகலை? கன்றுகளுக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி இயல்பாகவே அதிகம். அந்த வயசிலேயே கடி வாங்கினால் லேசாக வந்து போகும், உடம்பு எதிர்க்கப் பழகிக்கொள்ளும். ஆனால், கிருமி முழுசாகப் போகாது. எதிர்ப்பு சக்தியும் கிருமியும் ஒரே ரத்தத்தில் குடித்தனம்! இப்படிப்பட்ட மாட்டின் ரத்தத்தை ஸ்லைடில் தடவிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பி.சி.ஆர். மாதிரி டெஸ்ட்தான் காட்டிக்கொடுக்கும்.

1906-ல் அமெரிக்க அரசு உண்ணி ஒழிப்பில் இறங்கியது. மாடுகளை ஆர்சனிக் தொட்டியில் முக்கி எடுக்கணும். தொட்டிக்கே டைனமைட் வைத்தவர்களும் உண்டு! 1943-ல் மெக்சிகோ எல்லையோரம் தவிர ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒழிந்தது. எல்லையில் இன்றும் குதிரையில் ரோந்து போய், தப்பி வரும் மாடுகளைப் பிடித்து உண்ணி தேடுகிறார்கள். காரணம், கன்றிலேயே கடிபடாத அமெரிக்க மாடுகளுக்கு இப்போது எதிர்ப்பு சக்தி கிடையாது.

இதே குடும்பத்துக் கிருமி நம்ம நாட்டிலும் இருக்கு. நாட்டு மாடு ஓரளவு தாங்கும், ஜெர்சி கலப்பினத்துக்குத்தான் ஆபத்து. காய்ச்சலோடு காபி கலரில் மூத்திரம் போனால், அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். சீக்கிரம் ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் மாடு இருக்கா? அடுத்த லீவில் காது மடல், மடி ஓரம், வால் அடி... தடவிப் பாருங்க.