கேள்வியே கருவியாகும் மனநிலைப் பரிசோதனை

நோயாளியின் தோற்றம், பேச்சு, உணர்ச்சி, சிந்தனை, புலனுணர்வு, நினைவாற்றல், தன் நோய் குறித்த தெளிவு ஆகியவற்றை மருத்துவர் உரையாடலின் வழியே கவனித்துப் பதிவதற்கு மனநிலைப் பரிசோதனை என்று பெயர். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருப்பதுபோல் இதற்குப் படம் எடுக்கும் வழி இல்லாததால், கேட்கும் கேள்வியே கருவியாகிறது.

கருவி பிசகினால் முடிவும் பிசகும். கவனத்தை அறிய 100-இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வது வழக்கம். ஆனால் தாமல் போன்ற ஏரிப்பாசன ஊரில், பள்ளிக்கூடம் போகாத மூதாட்டி அதில் தடுமாறினால் குறை கவனத்திலா, கல்வியிலா என்று பிரித்தறிய முடியாது. வாரநாட்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வதும், தேதிக்குப் பதில் இது ஆடியா ஆவணியா என்று கேட்பதும் அவருக்குப் பொருந்தும். 1975-இல் அமெரிக்காவில் உருவான சிறு மனநிலைத் தேர்வை, அரியானாவின் பல்லப்கர் பகுதியில் எழுத்தறியா முதியோருக்கேற்ப இந்தியில் மாற்றி அமைத்ததும் (1995) இக்காரணத்தால்தான்.

‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்பதற்குப் பொருள் கேட்டால், வல்லவரும் தவறுவர் என்பது கருத்துநிலைச் சிந்தனை. சேற்றில் யானை வழுக்கும் என்பது சொல்லோடு நின்றுவிடும் சிந்தனை, எனினும் அதை மட்டும் வைத்து நோயென்று முடிவுகட்டுவது அவசரம். கூழ்வார்த்தலில் அருள் வந்து ஆடுவதும் அவ்வாறே: ஊரார் ஏற்கும் சடங்குக்குள் தொடங்கி அங்கேயே அடங்குமாயின் அது பிரமையன்று, வீடு திரும்பியும் குரல் கேட்டு, உறக்கமும் வேலையும் கெடும்போதே மருத்துவர் அதனை அறிகுறியாகக் கருதுகிறார்.