வைத்தியசாலைக்குத் தனியே போகாதீர்கள்

2009இல் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து, செட்டிகுளம் முகாம்களில் இருந்து ஊர் திரும்பியவர்களில் சிலருக்கு வைத்தியசாலை வரிசையே அந்த நாட்களை நினைவூட்டும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், திரும்பிப் போய்விடத் தோன்றும். இது பைத்தியம் அல்ல. பட்ட பயத்தை உடம்பு இன்னும் மறக்கவில்லை.

போகும்போது:

• நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

• சொல்ல வேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பழைய கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டையும் கொண்டு செல்லுங்கள்.

• நடந்தது முழுவதையும் சொல்லத் தேவையில்லை. "தொட்டால் பயமாக இருக்கு, சொல்லிப்போட்டுத் தொடுங்கோ" என்றால் போதும்.

• பெண்கள், பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கும்படி கேட்கலாம்.

• உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானின் காந்தம் அதை அசைத்துக் காயப்படுத்தக்கூடும்.

கூடச் செல்பவருக்கு: அவருக்காக நீங்களே பதில் சொல்லாதீர்கள். அழுதால் அதட்டாதீர்கள். வெளியே கூட்டிவந்து, தண்ணீர் கொடுத்து, பொறுத்திருங்கள்.

நித்திரை வராவிட்டால், கெட்ட கனவுகள் தொடர்ந்தால், வவுனியா பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பும்படி வைத்தியரைக் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.